ஸ்பார்க் இல்லையா, தல?

2020 அக்டோபர் 19, அபுதாபி. ராஜஸ்தானிடம் சென்னை சூப்பர் கிங்ஸ் மண்ணைக் கவ்வியது. 20 ஓவரில் எடுத்தது வெறும் 125. ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் தோனி சொன்ன காரணம்தான் ஹைலைட்: சீனியர்களை ஓரங்கட்டி இடம் கொடுக்கும் அளவுக்கு இளைஞர்களிடம் "ஸ்பார்க்" தெரியவில்லையாம்!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜெகதீசனுக்கு அதுவரை கிடைத்தது ஒரே ஆட்டம். பெங்களூருக்கு எதிராக 28 பந்தில் 33 அடித்தார். அடுத்த ஆட்டத்தில் ஆளைக் காணோம். கேதார் ஜாதவோ 8 ஆட்டத்தில் மொத்தமே 62 ரன். அங்கே எந்தப் பொறி பறந்தது?

ருதுராஜ் 0, 5 என்று சொதப்பினார், உண்மைதான். ஆனால் கொரோனாவிலிருந்து மீண்டு வந்தவரை இரண்டே இன்னிங்ஸில் எடை போடலாமா?

"தல திட்டியதால்தான் ருதுராஜ் எழுந்தார்" என்பார்கள் ரசிகர்கள். அப்படியானால் அடுத்த ஆட்டத்திலும் டக் அவுட் ஆனது எப்படி? அதன் பிறகும் உட்கார வைக்காமல் ஆட விட்டார்கள். கடைசி 3 ஆட்டத்தில் 3 அரைசதம் வந்தது. 2021-இல் 635 ரன், ஆரஞ்சு தொப்பி, சென்னைக்குக் கோப்பை. ஜெகதீசனும் சும்மா இல்லை. 2022 நவம்பரில் சென்னை கழற்றிவிட்ட கையோடு விஜய் ஹசாரேயில் தொடர்ந்து 5 சதம், ஐந்தாவது 277!

கோப்பை வாங்கினால் இளைஞர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவர் தோனி. அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு சலாம். தோற்ற அன்று மட்டும் அதே இளைஞர்களை முன்னால் தள்ளியது என்ன நியாயம்? அணியைத் தேர்ந்தெடுத்த கேப்டன் "தப்பு என்னுடையது" என்று சொல்லியிருந்தால், அதுதான் ஸ்பார்க்.