பஸ் வந்தாள்!

'பஸ் வந்தாள்' என்று ஒரு பையன் சொன்னால் வகுப்பே சிரிக்கும். டீச்சரும் சிரிப்பார். 'இவனுக்குத் தமிழ் ஏறவே ஏறாது' என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும்.

பையன் சொன்னதில் முட்டாள்தனம் எதுவுமே இல்லை. வீட்டில் அவன் பேசுவது இந்தி. இந்தியில் பஸ் பெண்பால். புத்தகம், மேஜைகூடப் பெண்பால்தான். தன் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான். 'நம்ம மொழியில பொருளுக்கு ஆண் பெண் கிடையாதுப்பா, எல்லாமே அது' என்று சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால், அவன் தப்பு எங்கிருந்து வருகிறது என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

யார் இந்தப் பையன்? சென்னைப் புறநகரில் அடுக்குமாடி கட்ட வந்த பீகார்க்காரரின் மகன். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்த தம்பதியின் மகளுக்கும் இதே கதைதான். அப்பாவும் அம்மாவும் நமக்கு வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தால்? 'அதான் சேர்த்துக்கிட்டோமே, சாப்பாடும் போடுறோமே, அப்புறம் என்ன?'

சேர்த்துக்கொண்டது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால், பி.காம். படித்த எனக்கு ஒரு சந்தேகம். ரிஜிஸ்டரில் பெயர் இருப்பது, கோடவுனுக்குச் சரக்கு வந்ததாக எழுதிவைப்பது மாதிரி. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று கதவைத் திறந்து பார்த்தால்தான் கணக்கு நேராகும். நாம் ரிஜிஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

டீச்சர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தில், பலதரப்பட்ட மாணவர்கள் உள்ள வகுப்பில் மொழி கற்பிப்பதன் சவால்கள் என்று ஒரு தலைப்பு இருக்கத்தான் செய்கிறது. எப்படிச் சமாளிக்க வேண்டும்? நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து! இரண்டரை மணி நேரத்தில் 150 கேள்வி. அதில் இந்தச் சவாலுக்கு எத்தனை நிமிஷம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தைப் பேசினாலே ரெண்டு பதில் ரெடியாக வரும்.

முதல் பதில்: 'குழந்தைங்க ரெண்டே மாசத்துல பிடிச்சுக்கும் சார்.' பிடித்துக்கொள்ளும், தெருவில் விளையாடுகிற தமிழை. பாடப் புத்தகத் தமிழ் வேறு அல்லவா? 'போறேன்' என்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் 'போகிறேன்' என்று இருக்கும். இந்தி, வங்காளம், ஒடியா மூன்றிலும் 'க' வரிசைக்கு நாலு எழுத்து. நமக்கு ஒன்றே ஒன்று. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒன்று, சத்தம் வேறு வேறு. எங்கே எது என்று சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 'கொடி'க்கும் 'கோடி'க்கும் உள்ள குறில் நெடில் வித்தியாசமும் அந்த மொழிகளில் கிடையாது. மாற்றி எழுதினால் 'மக்கு' என்று பட்டம்!

இரண்டாவது பதில்: 'இந்தி தெரிஞ்ச ஒருத்தரைப் போட்டாப் போச்சு.' ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வரும் பிள்ளை வீட்டில் சந்தாலி பேசலாம். அதற்கும் இந்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதோடு, ரெண்டு மொழி தெரிந்தாலே இருமொழி ஆசிரியர் என்றால், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நாலு மொழியில் பேரம் பேசும் பூக்காரம்மாவுக்கு இன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடலாம். மொழி தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று அமெரிக்கா காட்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் 1998-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியும் சேர்த்துக் கற்பிக்கும் வகுப்புகளைப் பெருமளவு முடக்கினார்கள். 2016-ல் அதே மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு அதை ரத்து செய்தார்கள். வகுப்பைத் திறக்கலாம், டீச்சர் எங்கே? 18 வருஷம் வேலையில்லாத படிப்பை யார் படிப்பார்கள்? ஒரு சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். ஒரு நல்ல டீச்சரை அப்படி உருவாக்க முடியாது.

பக்கத்திலேயும் பார்க்கலாம். 2007 வாக்கில் ஒடிசா அரசு பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் தொடங்கியது, அந்தச் சமூகங்களிலிருந்தே ஆட்களை எடுத்தது. கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-ல் 'ரோஷ்ணி' என்று ஆரம்பித்து, வெளிமாநிலப் பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்களை வைத்து அவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தது. அவர்களால் முடியும்போது நமக்கு என்ன கேடு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைக்கப் போன தமிழர்களின் பிள்ளைகளுக்காக மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறது. 'எதுக்கு? மராத்தி தானா வந்துடும்' என்று அதை மூடினால் நாம் சும்மா இருப்போமா? தாய்மொழியின் அருமை தெரிந்த ஊர் என்று பெருமை பேசும் நாம், அடுத்தவன் தாய்மொழியைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஆசிரியர் பயிற்சியில் இந்த மாதிரி வகுப்பில் நேரடியாகச் சில மாதம் பழக்குங்கள். எந்த மொழிப் பிள்ளை தமிழில் எங்கே இடறும் என்று ஒரு கையேடு கொடுங்கள். இந்தப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் அவர்கள் சமூகத்திலேயே படித்தவரை உதவிக்கு வையுங்கள். தொண்டூழியம் என்று சொல்லிச் சில்லறையை நீட்டாமல், சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுங்கள்.

ரெண்டு மொழியா, மூணு மொழியா என்று சென்னையும் டெல்லியும் தாராளமாகச் சண்டை போடட்டும். சண்டை முடிவதற்குள் அந்தப் பையன் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போயிருப்பான். நம் பிள்ளைகளுக்கு அடுத்த அடுக்குமாடியைக் கட்டித்தர!