கழுத்தின் அமைப்பும் நம் கடமையும்

உடற்கூற்று நூல் மருத்துவம் பயில்வார்க்கே உரியதென்றும், ஏனையோர்க்கு அதனால் ஆவதொன்றில்லையென்றும் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாதென்பதும், கழுத்தைப் பற்றிய அறிவேனும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவர்க்கும் இன்றியமையாததென்பதும் யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுவன.

மனிதன் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங் கழுத்திலும் ஏழே. சுண்டெலியின் குறுங் கழுத்திலும் ஏழே. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை நம் கழுத்தெலும்புகள் நாள் முழுதும் தாங்கி நிற்கின்றன. தாங்குதல் ஒன்றே இவற்றின் தொழிலாயின், அசைவற்ற ஒரு தூண் போதுமன்றோ? நிமிரவும் குனியவும், இருபுறமும் திரும்பவும், தோளை நோக்கிச் சாயவும் வேண்டியிருத்தலின், உறுதியும் அசைவும் ஆகிய மாறுபட்ட இரண்டும் ஓரிடத்தே கூட நேர்ந்தது.

அவற்றுள் முதலெலும்பு அட்லஸ் எனப்படும். வானத்தைத் தோளிற் சுமந்தவனாகக் கிரேக்கர் கதை கூறும் வீரனது பெயர் இது. வளையம் போன்ற இவ்வெலும்பின் இரு குழிகளில் மண்டையோடு அமர்ந்து முன்னும் பின்னும் அசைகின்றது. நாம் 'ஆம்' என்று தலையசைத்தல் இம்மூட்டிலேயே தொடங்குகின்றது. இரண்டாம் எலும்பாகிய ஆக்ஸிஸிலிருந்து பல் போன்ற முளையொன்று மேனோக்கி எழுகின்றது. திரிகையின் மேற்கல் நடுமுளையைச் சுற்றுமாறுபோல, அட்லஸ் தலையோடு கூடி இம்முளையைச் சுற்றித் திரும்புகின்றது. 'இல்லை' என்று தலையாட்டுதற்கு உதவுவது இதுவே; கழுத்தின் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வொரு மூட்டினாலேயே நிகழ்வது. அம்முளை பின்னே சரிந்து தண்டுவடத்தை நெருக்காதபடி குறுக்கே ஓடும் வலிய தசைநார் ஒன்று அதனைக் காக்கின்றது. கீழுள்ள எலும்புகளின் மூட்டுப் பரப்புகள் கூரையோடுகள்போற் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. ஆதலின் தலையை ஒருபுறம் சாய்க்குங்கால், அவை அப்புறமே சிறிது திரும்புதலும் செய்கின்றன.

இத்துணை அசைவும் விலையின்றிக் கிடைத்ததன்று. கழுத்தின் காவல் எலும்பைவிடத் தசைகளையும் தசைநார்களையுமே பெரிதும் சார்ந்தது. அவ்வெலும்புகளின் நடுவே சிறுவிரலளவு பருமனுள்ள தண்டுவடம் இறங்குகின்றது. கழுத்தின் 8 இணை நரம்புகளுள் 3, 4, 5ஆம் இணைகளே மூச்சை நடத்தும் உதரவிதானத்திற்குச் செல்வன. அவற்றுக்கு மேலே தண்டுவடம் முற்றும் அறுமாயின் மூச்சு நின்றுபோம். கழுத்தின் அடியில் அறுமாயின் மூச்சு எஞ்சும், கால்களின் இயக்கமும் கைகளின் ஆற்றலில் ஒரு பகுதியும் எஞ்சா.

இனி, நம் நாட்டில் நிகழ்வதைக் காண்போம். பனையினின்று வீழ்ந்த தொழிலாளியும், கோடையில் ஆழமறியாது கிணற்றிற் தலைகீழாய்ப் பாய்ந்த சிறுவனும், மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்ட இளைஞனும் தரையிற் கிடக்கின்றனர். ஓடி வருவோர் நல்லுள்ளம் படைத்தவரே. ஆயினும் ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பற்றித் தூக்க, தலை தொங்குகின்றது. உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுகின்றனர். ஆட்டோவில் மடக்கிக் கிடத்துகின்றனர். எலும்பு முறிந்தும் வடம் சிதையாதிருந்த ஒருவன், அவ்வன்பின் கைகளாலேயே ஆயுள் முழுதும் முடவனாகக் கூடும்.

செய்யத்தக்கது அரிதன்று. கிடக்கின்ற நிலையிலேயே தலையை இரு கைகளாலும் அசையாது பிடித்தல் வேண்டும். தலையைத் திருப்ப வேண்டாவென அவனுக்குச் சொல்லுதல் வேண்டும். 108 வண்டியை அழைத்தல் வேண்டும். வாந்தியாலோ நெருப்பாலோ புரட்ட நேரின், பலர் கூடித் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க, மரக்கட்டையை உருட்டுமாறுபோல ஒருசேரப் புரட்டுதல் வேண்டும்.

காலந்தாழ்த்தின் உயிர் போகாதோ என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. மூச்சு நின்றதாயினும் குருதி பெருகிற்றாயினும் அவற்றுக்கே முதலிடம். கழுத்துக்காக உயிரைக் கைவிடுக என்று யாம் கூறோம். ஆனால் மூச்சும் நினைவும் உடையவனை அவசரப்பட்டு இழுத்தலால் வரும் பயன் யாது? காவலர் விசாரணைக்கு அஞ்சி விலகுவாரும் உளர். விபத்தில் நன்மனத்தோடு உதவியவரைக் காக்கும் விதி 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்க்கப்பட்டதை அவர்கள் அறிதல் நலம்.

நல்ல சமாரியன் உவமையைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் இரார். அவன் இரங்கியதோடு நின்றானல்லன்; காயங்கட்டும் முறையையும் அறிந்திருந்தான். இரக்கம் கைகளை நீட்டச் செய்யும். அக்கைகள் எங்கே வைக்கப்படல் வேண்டுமென்பதை அறிவே கற்பிக்கும். ஆதலின், முதலாண்டு முடியுமுன் மாணவர் ஒவ்வொருவரும் இப்பயிற்சியைக் கைப்படச் செய்து பழகுதற்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்குமாறு கல்லூரித் தலைவர்களை வேண்டுகின்றோம். பட்டம் பெற்றுச் செல்வோர் எத்தொழிலை மேற்கொள்ளினும், வழியில் வீழ்ந்து கிடக்கும் ஒருவனை என்றேனும் காண்பர். அன்று அவர் கற்ற கல்வி அவனுக்கு உதவுதல் வேண்டும்.