சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



நம் ஆட்டோமொபைல் பிரிவில் ஒரு காய்ச்சல் பரவி வருகிறது. முதலாண்டில் சைலன்ஸரைக் கழற்றி ஓட்டுவது, இரண்டாமாண்டில் ஏர் ஃபில்டரை மாற்றுவது, மூன்றாமாண்டு வந்துவிட்டால் டர்போ! கேன்டீனில் டீ ஆறிப்போகும்வரை இதே பேச்சு. "மச்சான், எங்கப்பாவோட பழைய மாருதி 800 சும்மாதான் நிக்குது. புதுப்பேட்டைல டீசல் கார்ல கழட்டின டர்போ ஒண்ணு வாங்கி மாட்டிட்டா பறக்கும்டா!" என்கிறார்கள். பறக்கும்தான். பறக்கப்போவது காரா, அப்பாவின் பணமா என்பதுதான் என் கேள்வி.

டர்போவைக் குறை சொல்ல நான் வரவில்லை. எரிக்கிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை பெற்ற யோசனை இது. 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் டர்போ எஞ்சின் 998 சி.சி.யில் 120 குதிரைத்திறன் தந்தது. நம் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின் தருவதோ சுமார் 37. இதைப் படித்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

ஆனால் வகுப்பில் படித்த கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ். அதை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போகிறோம். கம்ப்ரஸரின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்றின் சூடு சுமார் 87 டிகிரி. சூடான காற்று விரிந்துவிடும் அல்லவா? அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும், உள்ளே போகும் காற்று 26 சதவீதம்தான் கூடும். 37 குதிரை 47 ஆகும், அவ்வளவுதான். இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் 52 வரை கிடைக்கலாம். இதுவும் காகிதக் கணக்கு. நாக்கிங் வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். மிச்சம் பத்துப் பதினைந்து குதிரை.

இந்தப் பத்துப் பதினைந்துக்கு என்ன விலை? டர்போ மட்டும் மலிவாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை உட்கார வைக்கத் தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செய்ய வேண்டும். பேரிங்குக்கு ஆயில் போக ஒரு குழாய், திரும்பிவர ஒரு குழாய், சம்ப்பில் அதற்கொரு துளை. இன்டர்கூலர், அதற்கான பைப்புகள், கிளாம்புகள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் மாடல் என்றால் பிரஷர் தாங்குகிற மாதிரி அதையே மாற்றியமைக்க வேண்டும். இன்ஜெக்ஷன் மாடல் என்றால் பெரிய இன்ஜெக்டர், பம்ப், கம்ப்யூட்டர் டியூனிங். பிறகு ஹெட் கேஸ்கெட், கிளட்ச், ரேடியேட்டர். வேகம் கூடினால் நிற்கவும் வேண்டுமே! 12 அங்குலச் சக்கரத்தோடு வந்த காருக்கு பிரேக்கும் டயரும் யார் வாங்கித் தருவார்கள்? ஆயிலையும் முன்னைவிடச் சீக்கிரம் மாற்றியாக வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, பத்துக் குதிரையால் வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரை பத்தாயிரம் ரூபாய்! காரையே விற்றாலும் அந்தத் தொகை கைக்கு வருமா என்பது சந்தேகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது டர்போவுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

இது நம் ஊர் மெக்கானிக்குக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் விட்டது. கம்ப்ரஷன் ரேஷியோவைக் குறைக்காமல் 10.25 என்றே வைத்து, நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். அந்தத் திரவம் தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கினவர்கள் எத்தனை நாள் ஊற்றுவார்கள்? பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். தொழிற்சாலையே டிசைன் செய்த புத்தம்புது காருக்கே இந்தக் கதி. இருபது வருஷம் ஓடித் தேய்ந்த எஞ்சின் என்ன பாவம் செய்தது?

போன விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன ஒர்க்ஷாப்புக்கு ஒரு பையன் தன் வீட்டு 800-ஐக் கொண்டு வந்தான். கூரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. டர்போ வேண்டும் என்றான். மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை வைத்தார். இரண்டு சிலிண்டர் பரவாயில்லை, மூன்றாவதில் முள் பாதி தூரம்கூட ஏறவில்லை. "தம்பி, மூணு பேர்ல ஒருத்தன் ஏற்கெனவே படுத்துட்டான். மிச்ச ரெண்டு பேர் தலையில மூட்டைய ஏத்தச் சொல்றியா?" என்றார். ரிங் மாற்றி, வால்வை லேப்பிங் செய்து, பிரேக்கையும் சரிபார்த்து அனுப்பினோம். ஓட்டிப் பார்த்தவன், "அண்ணே, டர்போ போட்ட மாதிரியே இருக்குண்ணே" என்றான். அந்த எஞ்சினுக்கு உரிய 37 குதிரையை அது பல வருஷமாகத் தரவேயில்லை. நம்மில் பலர் வீட்டுக் காரும் அப்படித்தான்.

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தப்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் யார்? நாம் இல்லை, நம் அப்பா! 15 வருஷம் தாண்டிய காரை, பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பானெட்டைத் திறந்தால் என்ன பதில் சொல்வார்? விபத்து நடந்துவிட்டால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். நம் ஆசைக்கு, தங்கையின் படிப்புக்கு வைத்த பணம் பதில் சொல்ல வேண்டி வரும்.

"அப்ப நாங்க டர்போவைத் தொடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் தொட வேண்டும்! டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம் கைக்கு வரும் டீசல் வண்டிகள் அநேகமாக எல்லாமே டர்போ வண்டிகள்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு டர்போவைப் பிரித்து, தண்டின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறோம்? கரும்பலகைப் படத்தோடு சரி.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு துறைத்தலைவர் சாரைப் பார்க்கும்போது, பழைய டர்போ இரண்டும் காயலான் கடை எஞ்சின் ஒன்றும் வாங்கித் தரக் கேளுங்கள். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, லேபில் இருக்கும் டைனமோமீட்டரோடு இணைத்து, ஆறாம் செமஸ்டர் புராஜெக்டாக நாமே ஓட்டிப் பார்ப்போம். சூட்டை அளப்போம், பிரஷரை அளப்போம். பிஸ்டன் உடைந்தால் உடையட்டும். அங்கே உடைந்தால் அது பாடம், ரோட்டில் உடைந்தால் அது விபத்து.

அதுவரைக்கும் அப்பாவின் காருக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று கை துறுதுறுத்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பிளக்குகளைக் கழற்றி மூன்று சிலிண்டரையும் அளந்து, நோட்டில் எழுதுங்கள். டர்போ பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

— மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு