இருவரில் பெற்றவள் யார்?

பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் பஞ்சாரெவோ என்றொரு வட்டாரம் இருக்கிறது. 2020 சனவரியில் அங்குள்ள நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. ஸ்பெயினில் முந்தைய மாதம் பிறந்த தன் பெண் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு ஒரு தாய் அனுப்பியது. ஸ்பெயின் கொடுத்த சான்றிதழில் இரண்டு தாய்மார்களின் பெயர்கள் இருந்தன. ஒருவர் பல்கேரியர். இன்னொருவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரித்தானியர். இருவரும் 2018இல் சட்டப்படி மணந்தவர்கள். பல்கேரியப் படிவத்திலோ தாய்க்கு ஒரு கட்டம், தந்தைக்கு ஒரு கட்டம். உங்களில் குழந்தையைப் பெற்றவள் யார், ஆதாரம் காட்டுங்கள் என்று கேட்டது அலுவலகம்.

அந்தத் தாய் சொல்ல மறுத்துவிட்டார். விண்ணப்பமும் தள்ளுபடியானது.

சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று இதைப் படித்தபோது எனக்கும் தோன்றியது. பிறகு என் அம்மா நினைவுக்கு வந்தார். என் பெற்றோர் சாதி மறுத்து மணந்தவர்கள். எனக்குச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், அம்மாவின் சமூகத்தை எழுதியிருந்ததைப் பார்த்த அலுவலர், "அதெல்லாம் இருக்கட்டும்மா, அப்பா என்ன ஆளுங்க?" என்று கேட்டார். இருவரில் ஒருவரது சமூகத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விதி இருப்பது அவருக்கும் தெரியும். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பெத்தோம்" என்றார் அம்மா. ஒரு பதிலைச் சொன்னால் இன்னொருவர் அழிந்துபோகிற மாதிரி கேட்கப்படும் கேள்விகள் உண்டு. சோபியாவில் கேட்டதும் அப்படி ஒன்றுதான்.

குழந்தையின் நிலை இதைவிட மோசம். பெற்றோர் இருவருமே ஸ்பானியர் இல்லை என்பதால் அங்கே பிறந்ததாலேயே ஸ்பெயின் குடியுரிமை வந்துவிடாது. ஜிப்ரால்டரில் பிறந்த தாயால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரித்தானியக் குடியுரிமையைக் கடத்தவும் முடியவில்லை. மிஞ்சியது பல்கேரியா மட்டும். அதுவும் கையை விரித்தால் நாடற்ற குழந்தை.

வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 திசம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. குழந்தை பல்கேரியக் குடியாக இருந்தால், அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழுக்குக் காத்திராமல் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தர வேண்டும். இரண்டு தாய்மார்களும் அவளோடு பயணம் செய்யும் உரிமையை ஏற்க வேண்டும். பலர் கொண்டாடினார்கள். எனக்கு அது அரைத் தீர்ப்பாகவே படுகிறது. எல்லையைக் கடக்கும் அளவுக்கு மட்டும் இருவரும் தாய்மார்கள். கடந்து வீட்டுக்குள் போனபின் யார் தாய் என்பது அந்தந்த நாட்டுக் குடும்பச் சட்டத்தின் விருப்பம். அந்த "குடியாக இருந்தால்" என்ற சொல்லைத்தான் சோபியா பிடித்துக்கொண்டது. பல்கேரியத் தாய்தான் பெற்றார் என்று நிறுவப்படவில்லை, ஆகவே இவள் பல்கேரியக் குடியே இல்லை என்று 2023 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் முடித்துவைத்தது. சுற்றிச் சுற்றி ரத்தத்திலேயே வந்து நின்றார்கள்.

ஒரு நாட்டில் பெற்றோர் என்றால் ஒன்றியம் முழுக்கப் பெற்றோர்தான் என்று சொல்லும் வரைவை ஐரோப்பிய ஆணையம் 2022 திசம்பரில் முன்வைத்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் குடும்பச் சட்டம் என்பதால் உறுப்பு நாடுகளின் அவையில் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். ஒரே ஒரு நாடு தலையாட்ட மறுத்தால் போதும்.

ஐரோப்பாவைக் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. லண்டனில் வாழும் இரண்டு தமிழ்ப் பெண்கள், குழந்தையோடு சென்னைக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் இருவருமே பெற்றோராகப் பதிவாக முடியும். இங்கே இறங்கியதும் ஒருத்தி தாய், மற்றவள் யாரோ. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின இணையர்களின் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையையும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்தது. தனியொரு பெண் தத்தெடுக்கலாம், சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் கூடாது! பெற்ற தாய் இறந்துபோனால் என்ன ஆகும்? குழந்தையைக் கேட்டு ரத்த உறவுகள் வருவார்கள். சாதியையும் மானத்தையும் சொல்லி அவளைத் துரத்திய அதே உறவுகளாகவும் இருக்கலாம். வளர்த்தவளிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

"விமானத்தில் பறக்கிறவர்கள் பிரச்சினை தோழர், சாதி ஒழிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்களின் வழக்குதான் நம் காதுக்கு எட்டுகிறது என்பது உண்மை. வசதியில்லாதவர்கள் தாய் என்ற சொல்லை விட்டுக்கொடுத்துவிட்டு "சித்தி", "அத்தை" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். தொடர்பைப் பற்றிக் கேட்டால், நம் வரலாற்றையே திருப்பிப் பார்க்கச் சொல்வேன். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளை ஊர் என்ன சொல்லி ஏசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 1967இல் அண்ணா அரசு சட்டத்தைத் திருத்தியபோது, இனி நடப்பவை மட்டும் என்று நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றது. பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், பெற்றோரின் திருமணம் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்களைத் தண்டிக்க முடியாது என்பதே அதன் பொருள்.

வேறு நாட்டில் சட்டப்படி பதிவான இரண்டு பெற்றோரையும் இந்தியா ஏற்க வேண்டும் என்று கேட்பதற்குத் திருமணச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016இல் கடவுச்சீட்டு விதிகளைத் தளர்த்தி, தாய், தந்தை, காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் போதும் என்றார்கள். ஒருவர் போதும் என்று மாற்ற முடிந்த படிவத்தில், இரண்டு அம்மாக்கள் பெயரையும் எழுத இடம்விட முடியாதா என்ன?

சோபியா கைவிட்ட அந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. பள்ளிப் படிவங்கள் நிரப்புகிற வயது.