வீட்டுக்கு எத்தனை வண்டி?



எமது பாலையூற்றில் ஒரே முற்றத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்பது இப்போது புதினமில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின் லீசிங் கம்பனிகள் வடக்குக் கிழக்குக்கு வந்தன. கொஞ்சம் முற்பணம் கட்டினால் வண்டி கைக்கு வந்தது. இடம்பெயர்ந்தபோது சைக்கிளைக்கூட விட்டுவிட்டு ஓடிய சனங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதலாவது வண்டி தேவைக்கு வந்தது. இரண்டாவது, அநேகமான வீடுகளில், மகனின் பிடிவாதத்துக்கு வந்தது.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றைப் பங்கிட்டு அந்த ஜனவரியில்தான் ஒப்பந்தமும் கைச்சாத்தானது. அதே வருடம் ஜூன் மாதம், அவற்றுக்குக் கிட்ட வாழும் நாங்கள் வெறும் கானுடன் வரிசையில் நின்றோம். ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. பிறகு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். இரண்டு வண்டி வைத்திருந்த வீட்டுக்கு இரட்டைப் பங்கு கிடைத்தது உண்மைதான். ஆனால் ஓடாமல் நின்ற வண்டிக்கும் வட்டி ஏறுமல்லவா?

ஒரு கொப்பியை எடுத்து இரண்டாவது வண்டியின் கணக்கை மட்டும் எழுதிப் பாருங்கள். மாதத் தவணை 15,000 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 1,80,000 ரூபா. அதோடு இன்சூரன்ஸ், வருட வரிப் பத்திரம், டயர், ஒயில், சேர்விஸ். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கோழி வளர்த்தும் இடியப்பம் அவித்தும் தையல் தைத்தும் நீங்கள் சேர்த்ததிலிருந்து. தவணை பிந்தினால் அடைவுக்குப் போவது தாயின் காப்புத்தான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த வண்டியில் ஏறுவது யார்? கிளினிக்குக்கும் சங்கக் கடைக்கும் நீங்கள் இப்போதும் நடந்துதான் போகிறீர்கள் என்றால், இரண்டு வண்டி இருந்தும் உங்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு வண்டியை விற்றுவிட்டு உங்களை மேலும் நடக்க வைப்பதும் சரியல்ல. விற்ற காசில் முதலில் உங்களுக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991, 92 காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் வசதி செய்து கொடுத்தார். இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்களாம். பாரில் பிள்ளையை இருத்தலாம் அல்லவா! தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் கெஞ்சாமல் போய்வந்தார்கள். எங்கள் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. மோட்டார் சைக்கிள் வந்ததும் பின்சீற்றுக்குப் போய்விட்டோம், அவ்வளவுதான்.

"இராவில் வருத்தம் வந்தால்?" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ஒரு வண்டியை வைத்திருங்கள் என்கிறேன். அதற்கும் வழியில்லாத வீடுகள் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சில வீடுகளில் பின்பக்கம் துணி மூடிய வண்டியொன்று நிற்கும். காணாமற் போனவருடையது. வருடக்கணக்காக ஓடவில்லை, ஆனாலும் துடைத்து வைத்திருப்பார்கள். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அது இந்தக் கணக்கில் சேராது.

மற்றதை விற்பவர்கள் அவசரப்பட வேண்டாம். லீசிங் வண்டியைச் சும்மா கொண்டுபோய் ஒப்படைத்தால் கடன் தீர்ந்துவிடாது. கம்பனி அதை விற்று, போதாத மிச்சத்தை உங்களிடம் கேட்கலாம். முழுவதையும் முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிணை நின்றவருக்கும் சொல்லுங்கள். சொந்த வண்டியென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றும்வரை படிவத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். வாங்கியவர் எங்காவது மோதினால் பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குத்தான்.