வார்டுக்கு ஒரு நாய் உணவிடம்: விழுப்புரம், திண்டிவனத்தில் தன்னார்வலர்கள் ஏன் தேவை?

ராத்திரி டூவீலரில் போனால் நாய் துரத்துமோ என்ற பயம் ஒரு பக்கம். தினமும் சோறு வைப்பவர்களின் பாசம் இன்னொரு பக்கம். விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளில் இதற்கு என்னதான் வழி?

கோர்ட் சொன்னது என்ன?

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் தாக்கிய, மூர்க்கமான நாய்களை விடக்கூடாது. கண்ட இடத்தில் உணவு வைக்கவும் தடை. அதற்கென வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும்.

நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.

தன்னார்வலர்கள் எதற்கு?

வலையோடு வரும் வண்டியைப் பார்த்தாலே நாய் ஓடிவிடும். தினமும் சோறு வைப்பவர் கூப்பிட்டால் கிட்டே வரும். கருத்தடை ஆன நாயின் காதில் சின்ன வெட்டு இருக்கும். அது இல்லாத நாய் எது, குட்டி போட்டது எது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலே வெறிநோய் பரவலைத் தடுக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்தக் கணக்கை எட்ட இவர்கள் உதவி அவசியம்.

சோறு மட்டும் போதுமா?

போதாது. கருத்தடை நடக்காவிட்டால் குட்டிகள்தான் பெருகும். டாக்டர், ஆபரேஷன் வசதி, காப்பகம் எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. தன்னார்வலரும் நகராட்சியும் கைகோத்தால்தான் தெருவில் நடப்பவருக்கும் நிம்மதி, நாய்க்கும் நிம்மதி.