விளக்கொளியும் நம் பிள்ளைகளும்



லண்டனின் புறநகர் ஒன்றில் மாலைநேர மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவன் நான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிற்பகுதியில் பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "ஹஜ்ரத், கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் விளக்கேற்றும் விழாவுக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாமா?"

பல ஆண்டுகள் "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லே என் பதிலாக இருந்தது. சென்ற ஆண்டு பத்து வயது மாணவன் ஒருவன் அதைக் கேட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். அவனுடைய பள்ளிக்கூடத்துப் பாடகர் குழு அந்த விழா மேடையில் பாட இருந்தது. "ஏன் வரவில்லை?" என்று தோழர்கள் கேட்டால் அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, நான் அவனுக்கு எதையும் விளக்கியிருக்கவில்லை. தடுத்தேனே தவிர, கற்பிக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதலில் இவ்விழாவின் தன்மையை அறிந்துகொள்வோம். லண்டன் ரீஜன்ட் தெருவில் 1954ஆம் ஆண்டிலும், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1959ஆம் ஆண்டிலும் இவ்வலங்கார விளக்குகள் தொடங்கின. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில் மக்களைக் கடைத்தெருவுக்கு ஈர்ப்பதில் வணிகர்களுக்குப் பெரும் அக்கறை உண்டு. டிரஃபால்கர் சதுக்கத்து மரத்தின் கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் அளித்த ஆதரவுக்கு நன்றியாக, நார்வேயின் ஓஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் அம்மரத்தை அனுப்பி வருகிறது. ஆக, இவ்விழாவில் வணிகம் இருக்கிறது, நட்பு இருக்கிறது, கிறிஸ்தவ நம்பிக்கையும் இருக்கிறது. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பதில் சொன்னதே என் தவறு.

நம்பிக்கை சார்ந்த பகுதியில் எனக்குத் தயக்கம் இல்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதர். அவர்களை நேசிப்பது நம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் அவர்களை இறைவனின் மகன் என்று போற்றும் பாடலை நம் பிள்ளைகளின் நாவு பாட இயலாது. வழிபாடாக அமையும் எதிலும் நாம் பங்கேற்பதில்லை. இது வெறுப்பு அன்று, தவ்ஹீதின் எல்லை.

தெருவில் நின்று விளக்குகளைப் பார்ப்பது அதனோடு ஒன்றாகுமா? அதையும் தவிர்ப்பதே பேணுதல் என்று கூறும் அறிஞர்கள் உள்ளனர். அவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும், அண்டை வீட்டாரோடு பொதுத்தெருவில் நிற்பதை வழிபாட்டில் கலந்துகொள்வதாக நான் கருதவில்லை. நம்மோடு மார்க்கத்திற்காகப் போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை சூரா மும்தஹினாவின் எட்டாவது வசனம் உணர்த்துகிறது.

அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த ஸஹாபாக்களை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவ மன்னர் நஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் சூரா மர்யமின் வசனங்களை ஓதினார்கள். மன்னர் கண்ணீர் வடித்தார். ஈஸா நபியைப் பற்றி வினவப்பட்டபோது, புகலிடம் பறிபோகும் என்ற அச்சத்தால் அவர்கள் கொள்கையை மறைக்கவில்லை. கண்ணியமும் தெளிவும் ஓரிடத்தில் நின்றன. பிறர் நாட்டில் வாழும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். 2023ஆம் ஆண்டு ரமலானில் பிக்கடில்லி அருகே கோவென்ட்ரி தெருவில் ரமலான் விளக்குகள் முதன்முதலாக ஒளிர்ந்தன. நம்மில் பலர் பிள்ளைகளோடு சென்று மகிழ்ந்தோம். அங்கு நின்று பார்த்த கிறிஸ்தவர்கள் எவரும் அதனால் தம் மதத்தை விட்டுவிட்டதாக நாம் எண்ணவில்லை. அந்த அளவுகோலை நமக்கும் பொருத்துவதே நீதி.

அம்மாணவனின் வாப்பா வகுப்பாசிரியரிடம் நேரில் பேசினார். பாடுவதற்குப் பதிலாக, நிகழ்ச்சித் தாள்களை விநியோகிக்கும் பொறுப்பை ஆசிரியர் அவனுக்கு அளித்தார். மஃக்ரிபைத் தொழுதுவிட்டு வாப்பாவோடு சென்று வந்தான். தோழர்கள் காரணம் கேட்டபோது, "ஈஸா நபியை நாங்களும் நேசிக்கிறோம், ஆனால் வணங்குவதில்லை" என்றானாம். பல மாதங்கள் நான் நடத்திய அகீதா பாடத்தை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

இது ஃபத்வா அன்று. ஓர் ஆசிரியரின் கருத்து மட்டுமே. அழைத்துச் செல்வதும் தவிர்ப்பதும் உங்கள் முடிவு. ஆனால் எதைச் செய்தாலும், பிள்ளையை அருகில் அமர்த்திக் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் அறியாமல் வீட்டில் அமர்த்தப்பட்ட பிள்ளை, வளர்ந்தபின் மார்க்கத்தையே ஒரு தடையாக எண்ணிவிடக்கூடும்.

நம் சந்ததியரின் ஈமானையும் நற்குணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.